நீலம் காட்டாத முத்திரை

காஞ்சிபுரத்தில் நான் சந்தித்த முதல் போலி ஓர் இட்லி. பெரிய காஞ்சிபுரத்தில் என் விடுதிக்குக் கீழேயே ஓர் உணவகம். ‘ஸ்பெஷல் காஞ்சிபுரம் இட்லி’ என்று எழுதியிருந்த பலகையை நம்பி உட்கார்ந்தேன். வந்தது சாதா இட்லி. மேலே கொஞ்சம் மிளகுத் தூளையும் இரண்டு முந்திரித் துண்டையும் தூவியிருந்தார்கள். பரிமாறியவரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“மிளகு, சீரகம், சுக்கு எல்லாம் மாவிலேயே கலந்து, கூடையில் வேகவைப்பாங்கன்னு கேள்விப்பட்டேனே?”

“அது கோயில் இட்லிமா. இது ஓட்டல் இட்லி. பேரு மட்டும் அதுதான்” என்றார். சொல்லிக்கொண்டே வாளியிலிருந்து சாம்பாரை ஊற்றினார். பாதி தட்டில் விழுந்தது, மீதி என் வெள்ளைக் குர்தாவில்.

அவர் முகத்தில் இரண்டு குற்றத்துக்கும் வருத்தம் இல்லை. “வாஷ் பண்ணா போயிடும்மா” என்று அடுத்த மேசைக்குப் போய்விட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் கடல் தாண்டி இந்த ஊருக்கு வந்ததே பேர் ஒன்றாகவும் சரக்கு வேறாகவும் இருக்கிற ஒன்றைப் பிடிக்கத்தான்.

பினாங்கில் ஓர் ஆய்வகத்தில் நான் வேலை செய்கிறேன். எங்கள் தொழில் நிறம் செய்வது. சாயம் போடாமல் செய்வது. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய இரும்பு ஆக்சைடு உருண்டைகளை ஒரு திரவத்தில் மிதக்கவிடுவோம். சும்மா இருக்கும்போது அது கலங்கிய பழுப்புத் தண்ணீர், அவ்வளவுதான். பக்கத்தில் ஒரு காந்தத்தைக் கொண்டுபோனால், மணியடித்ததும் வரிசைக்கு ஓடும் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போல அந்த உருண்டைகள் இடைவெளி விட்டு வரிசையில் நிற்கும். இடைவெளி எவ்வளவோ அதற்கேற்ற நிறத்தை மட்டும் அந்த வரிசை திருப்பி அனுப்பும். காந்தம் தூரத்தில் இருந்தால் இடைவெளி அதிகம், சிவப்பு. கொஞ்சம் கிட்டே வந்தால் பச்சை. ஒட்டினாற்போல் வந்தால் இடைவெளி நெருங்கி நீலம். இதற்கு ஒளிப்படிகம் என்று பெயர். மயில் தோகையிலும் நடப்பது ஏறக்குறைய இதுதான், அங்கே காந்தம் கிடையாது.

இந்தத் திரவத்தைத் துளித்துளியாகச் சிலிக்கான் ரப்பர் ஏட்டுக்குள் அடைத்து, விரல் நகம் அளவுக்கு வெட்டி முத்திரை செய்தோம். சென்னைப் பட்டுக் கம்பெனி ஒன்று அதை வாங்கியது. கைத்தறியில் நெய்த அசல் காஞ்சிப் பட்டு என்பதற்கு அத்தாட்சியாக ஒவ்வொரு புடவையின் உள்முனையிலும், கட்டும்போது இடுப்புக்குள் செருகிவிடும் அந்த மூலையில், ஒரு முத்திரை. காந்தத்தைக் காட்டினால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் வரிசையாக வரவேண்டும். ‘காந்தம் பொய் சொல்லாது’ என்று கம்பெனியின் விளம்பரத் தாளில் எழுதிக் கொடுத்தவர் என் மேலதிகாரி.

அப்புறம் ஒரு நாள் சென்னையிலிருந்து புகார் வந்தது. ஓரிக்கையில் ஒரு நெசவாளர் வீட்டிலிருந்து வந்த இரண்டு புடவைகளில் நீலம் வரவில்லை. அசல் முத்திரைகளைப் பிய்த்து விசைத்தறிக்காரனுக்கு விற்றுவிட்டு, எங்கோ செய்த போலியைத் தைத்துக் கொடுத்திருக்கிறார்கள் என்பது கம்பெனியின் கணக்கு. எங்கள் குழுவில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். என்னைப் போகச் சொன்னார்கள். என் பல வருட உழைப்பை எவனோ நகல் எடுத்துவிட்டான் என்ற ஆத்திரத்தோடுதான் நானும் விமானம் ஏறினேன்.

அன்று மத்தியானம் கம்பெனியின் கொள்முதல் நிலையத்துக்கு ஆட்டோ பிடித்தேன். இடத்தின் பெயரைத் தெளிவாகச் சொல்லியும் ஓட்டுநர் நேரே ஏகாம்பரநாதர் கோயில் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்.

“நான் கோயிலுக்குக் கேட்கலையே.”

“வெளியூர்லேர்ந்து வர்றவங்க எல்லாரும் மொதல்ல இங்கதாம்மா வருவாங்க” என்றார். நான் கேட்டது தவறு என்பதுபோல இருந்தது அவர் பார்வை.

அங்கிருந்து திரும்பிப் போய் நிலையத்தின் வாசலில் இறங்கப் பார்த்தால் என் கைப்பை வரமாட்டேன் என்றது. உள்ளே இருந்த ஆய்வகக் காந்தம் ஆட்டோவின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் இழுத்தேன், ஓட்டுநர் இழுத்தார், பக்கத்துப் பூக்கடைக்காரர் வந்து ஆலோசனை சொன்னார். “இன்னாமா, பை வண்டியோட ஒட்டிக்கினு இருக்குது. உள்ள இன்னா வச்சிருக்கீங்க?” என்று ஓட்டுநர் சந்தேகமாகக் கேட்டார். காந்தம் என்றேன். அவர் நம்பவில்லை. கடைசியில் மூன்று பேரும் சேர்ந்து பிடுங்கியதில் பையின் வார் அறுந்துபோனது.

அறுந்த பையை மார்போடு அணைத்துக்கொண்டு நான் உள்ளே போன கோலத்தைப் பார்த்தும் சம்பத் சிரிக்கவில்லை. தரக் கட்டுப்பாட்டு அதிகாரி. முப்பது வயதுக்குள் இருக்கும். கழுத்துப் பட்டையில் அடையாள அட்டையோடு ஒரு காந்தமும் தொங்கியது. பேச்சுக்கு நடுவே அதை மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பைத் தொடுவதுபோலத் தொட்டுக்கொள்வார்.

திருப்பி வைத்திருந்த இரண்டு புடவைகளையும் எடுத்துப் போட்டார். ஜன்னல் பக்கம் கொண்டுபோய் காந்தத்தை இறக்கினார். சிவப்பு வந்தது. பச்சை வந்தது. இன்னும் நெருக்கியபோது பச்சை அழுக்காகி, கறுத்து, நின்றுவிட்டது. நீலம் இல்லை.

“பாத்தீங்களா மேடம். டூப்ளிகேட். கோமளான்னு ஒரு லேடி. பாக்க ரொம்ப நல்லவங்க மாதிரி இருப்பாங்க.”

நான் கைநுண்ணோக்கியை வைத்துப் பார்த்தேன். ஜரிகை மின்ன வேண்டும் என்று நிலையம் முழுக்க மஞ்சள் விளக்காகப் போட்டு வைத்திருந்தார்கள், கண் கூசியது. ஆனாலும் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. அந்தத் துளிகளின் அளவும் அவை அடைந்திருந்த விதமும் எனக்கு என் கையெழுத்து மாதிரி. இதை நகல் எடுக்க ஓர் ஆய்வகமே வேண்டும்.

“இது போலி இல்லை. எங்களுடையதுதான்” என்றேன்.

“அப்ப ஏன் புளூ வரல?”

நான் இன்னொரு முறை நுண்ணோக்கிக்குள் குனிந்தேன். தலையாட்டிவிட்டு அவர் மறுபடி காந்தத்தைத் தொட்டுக்கொண்டார். “காந்தம் பொய் சொல்லாதுன்னு உங்க பேம்ஃப்ளெட்லயே போட்டிருக்குது மேடம்” என்றார். என் வாழ்க்கையில் ஒரு விளம்பர வாசகத்தை அவ்வளவு வெறுத்ததில்லை.

விடுதிக்குத் திரும்பிக் குர்தாவைச் சோப்புப் போட்டுக் கசக்கினேன். சாம்பார் போனது, அதன் மஞ்சள் போகவில்லை. சோப்புப் பட்டதும் சிவந்துவேறு காட்டி என்னைக் கேலி செய்தது. பிழிந்து மொட்டைமாடிக் கொடியில் போட்டுவிட்டு, ஊரில் உள்ள எல்லாரையும் மனதுக்குள் திட்டிக்கொண்டே படுத்தேன்.

இரண்டாம் நாள் ஓரிக்கைக்குப் பங்கு ஆட்டோவில் போனேன். மூன்று பேர் இருக்கையில் ஐந்து பேரும், ஓட்டுநருக்கு இரு பக்கமும் ஒவ்வொருவரும். எங்கள் ஊரில் இதற்குப் போலீஸ் பிடிக்கும். இங்கே போலீஸ்காரரே ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். காந்தத்தைத் துணியில் சுற்றி மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கோமளாவின் வீட்டில் முன்னறை முழுக்கத் தறி. நாற்பதைத் தாண்டிய, உறுதியான தோள்கள் உள்ள பெண். தறியில் நெய்வது அவர், பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு ஊடை நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளுவது கணவர் ஏழுமலை. உடலும் கரையும் இரண்டு நிறமாகப் பின்னிச் சேரும் புடவைக்கு அப்படி இரண்டு ஆள் வேண்டும். நான் யார் என்று சொன்னதும் நாடா நின்றது.

“நீங்கதான் அந்த லேபிள் செஞ்சவங்களா? வாங்க. திருடி வீட்ட நல்லா பாத்துக்குங்க” என்றார் கோமளா. உட்காரச் சொல்லவில்லை.

“நான் அப்படிச் சொல்லலைங்க.”

“நீங்க சொல்லல. உங்க காந்தம் சொல்லிச்சு. அந்தத் தம்பி எல்லார் எதிர்லயும் சொன்னாரு. கல்யாணம் கட்டி வந்ததுலேர்ந்து இந்தத் தறியில உக்காந்துக்கினு இருக்கேன். ஒரு இழை விட்டுப்போச்சுன்னு எவனும் சொன்னதில்ல.”

ஏழுமலை மெதுவாக விஷயத்தைச் சொன்னார். ஒரு பாவில் மூன்று புடவை நெய்யலாம். நீளவாட்டு இழைகளான அந்தப் பாவையும் ஜரிகையையும் கொடுப்பது கம்பெனி. முதல் இரண்டு புடவைகள்தாம் நிலையத்தில் கிடப்பவை. மூன்றாவது இன்று முடிகிறது. இதிலும் நீலம் வராவிட்டால் அடுத்த பாவு கிடையாது, வேறு எந்தக் கம்பெனியும் கொடுக்காதபடி சொல்லியும் விடுவார்களாம்.

“தறி சும்மா நின்னா கூடப் பரவால்லமா. கூலிக்கு வேற எதுனா செஞ்சுக்கலாம். ‘ஏமாத்துனவ’ன்னு பேரு வந்துச்சுன்னா அத எங்க போயி கழுவறது?” என்றார் கோமளா.

தறியில் கத்தரிப்பூ நிற உடலும் கிளிப்பச்சைக் கரையுமாகப் புடவை சுருண்டிருந்தது. கம்பெனி கொடுத்த முத்திரையை உள்முனையில் முன்பே தைத்திருந்தார். அனுமதி கேட்டுக்கொண்டு, சுருளைத் தளர்த்தி, காந்தத்தைக் காட்டினேன். சிவப்பு, பச்சை, நீலம். எங்கள் ஊரில் பலகாரத்துக்கு நிறம் சேர்க்கும் சங்குப்பூவின் நீலம், பளிச்சென்று. இருவரையும் கிட்டே கூப்பிட்டுக் காட்டினேன். கோமளா பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். அப்புறம்தான் உட்காரச் சொன்னார். காபி வந்தது. டம்ளரில் முக்கால்வாசி நுரை. எங்கள் ஊரில் இழுத்து ஆற்றும் ‘தே தாரே’ தேநீருக்குச் சளைத்ததில்லை.

சாயங்காலம் புடவை முடிந்தது. அறுப்பதற்கு முன் கோமளா முகம் கழுவி வந்தார். ஒரு கல்லில் மஞ்சள் கிழங்கை உரைத்துக் குழைத்தார். தறிக்குக் கும்பிடு போட்டுப் புடவையை அறுத்து எடுத்து, மடித்து, உள்முனையை வெளியே எடுத்து வைத்தார். கட்டைவிரலால் மஞ்சளைத் தொட்டு முத்திரையின் மேலேயே அழுத்தி வைத்தார். அதன் நடுவில் ஒரு குங்குமப் பொட்டு.

“எல்லா வீட்டிலும் இப்படிச் செய்வாங்களா?” என்று கேட்டேன்.

“வாங்கிக் கட்டறவங்கதான் முனையில மஞ்சள் வைப்பாங்க. எங்க வீட்டுல மட்டும் அறுத்த ஒடனே நாங்களே வச்சிடுவோம். மொதல்ல சும்மா ஓரத்துல வைப்போம். இப்ப லேபிள் வந்துச்சுல்ல, அதுதான பொடவைக்கு நெத்தி மாதிரி இருக்குது? வீட்டுக்குப் புதுசா மிக்சி வந்தாலே பொட்டு வைக்கிறோம், இதுக்கு வைக்காம இருப்பமா? காலைல தொடச்சுட்டுக் குடுத்துடுவோம்.”

என் முத்திரைக்கு இப்படியொரு மரியாதையை எந்த மாநாட்டிலும் நான் கண்டதில்லை. கைபேசியில் படம் எடுத்து மேலதிகாரிக்கு அனுப்பினேன். ‘அழகு’ என்று பதில் போட்டார். இரண்டு படித்த முட்டாள்கள் பார்த்து ரசித்தோம். ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் காலை நிலையத்தில் பத்துப் பதினைந்து நெசவாளர்கள் வெள்ளைத் துணி மூட்டைகளோடு பாயில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு நல்ல உற்சாகம். இன்றோடு விவகாரம் முடிந்தது, சாயங்காலம் வரதராஜர் கோயிலுக்குப் போய் நிஜ இட்லி சாப்பிடலாம் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன். கோமளாவின் முறை வந்தது. முத்திரை துடைத்துச் சுத்தமாக, வழக்கமான பழுப்பு நிறத்தில் இருந்தது. சம்பத் காந்தத்தை இறக்கினார்.

சிவப்பு. பச்சை. அழுக்கு. கறுப்பு.

நானே வாங்கி வைத்துப் பார்த்தேன். என் காந்தத்தை வைத்துப் பார்த்தேன். நீலம் வரவில்லை.

“இவங்க நேத்து எங்க வீட்டுல வந்து கண்ணால பாத்தாங்க. கேளுங்க” என்றார் கோமளா.

“ஆமாம், நேற்று நீலம் வந்தது. நான் பார்த்தேன்” என்றேன்.

“அப்ப நைட்டு மாத்திட்டாங்க” என்றார் சம்பத், மழை வந்தது வெயில் வந்தது என்பதுபோல. பாயில் இருந்தவர்கள் பக்கம் திரும்பினார். “இதுக்குத்தான் சொல்றது. ஒரு ஆள் பண்ற ஃபிராடால எல்லாருக்கும் கெட்ட பேரு. கோமளாம்மா, இனிமே உங்களுக்குப் பாவு கிடையாது.”

அதுவரை கோமளாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் மெல்லத் தன் மூட்டையைத் தள்ளி வைத்துக்கொண்டார். கோமளா அதைப் பார்த்துவிட்டார். புடவையை எடுத்துக்கொள்ளாமல் வெளியே போனார். ஏழுமலை செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார்.

நான் சம்பத்தோடு சண்டை போட்டேன். எந்தத் திருடியாவது ஆய்வகத்து ஆளுக்குக் காட்டிய முத்திரையை அன்று ராத்திரியே மாற்றுவாளா என்று கேட்டேன். அவர் பதிலுக்குக் காந்தத்தைத் தூக்கிக் காட்டினார். பினாங்குக்குப் போன் போட்டால் மேலதிகாரி, “நம் முத்திரையில் கோளாறு வர வாய்ப்பே இல்லை, மனிதர்களைத்தான் சந்தேகிக்க வேண்டும்” என்றார். அவரிடமும் கத்திவிட்டுப் போனை வைத்தேன். கடல் கடந்து, அறுந்த பையோடு, ஒரு பெண்ணின் பேரைக் கெடுக்க நான் சாட்சியாக வந்து நின்றிருக்கிறேன். அந்த ஆத்திரத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

விடுதிக்குத் திரும்பி மொட்டைமாடிக்குப் போனேன். முதல் நாள் போட்டுவிட்டு மறந்துபோன குர்தா கொடியில் விறைத்துக்கொண்டு கிடந்தது. எடுத்துத் தோளில் போடப் போனவள் நின்றுவிட்டேன். மஞ்சள் கறை எங்கே? தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. வெயில் அதைத் தின்றுவிட்டிருந்தது. அம்மா வீட்டில் குழம்புக் கறை பட்ட துணியை எப்போதும் வெயிலில்தான் போடுவாள். அதே அம்மா வீட்டுச் சமையலறையில் சிலிக்கான் கரண்டி ஒன்று இருக்கிறது. மீன் குழம்பு கிண்டிக் கிண்டி மஞ்சளேறிப்போன கரண்டி. எத்தனை முறை தேய்த்தாலும் போகாது.

சிலிக்கான் மஞ்சளைக் குடிக்கும். எங்கள் முத்திரை சிலிக்கான். மஞ்சள் விழுங்கும் நிறம் நீலம்.

கடைக்கு ஓடி மஞ்சள் வாங்கி, என்னிடம் இருந்த மாற்று முத்திரை ஒன்றில் குழைத்துப் பூசினேன். மறுநாள் காலை துடைத்துவிட்டுக் காந்தத்தைக் காட்டினேன். பழுப்பு நிறத்தின் மேல் மஞ்சள் ஏறியிருப்பது கண்ணுக்கே தெரியவில்லை. சிவப்பு வந்தது, பச்சை வந்தது, நீலம் வரவில்லை. உருண்டைகள் உள்ளே ஒழுங்காக வரிசையில் நின்று நீலத்தைத் திருப்பி அனுப்பிக்கொண்டுதான் இருந்தன. மேலே இருந்த மஞ்சள் வெளியே விடாமல் விழுங்கிக்கொண்டிருந்தது. எத்தனை அமிலத்தில் முக்கிச் சோதித்தோம், எத்தனை முறை துவைத்துச் சோதித்தோம். புடவைக்கு என்று செய்த பொருளை மஞ்சளில் தொட்டுப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை, தமிழச்சியான எனக்கும்தான்.

நான்காம் நாள் அதே பங்கு ஆட்டோவில் ஓரிக்கை. விஷயத்தைச் சொல்லி முடித்ததும் கோமளா தன் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தார்.

“அப்ப என் மஞ்சளா என்ன மாட்டிவிட்டுச்சு?”

“உங்க மஞ்சள் ஒண்ணும் செய்யலை. என் முத்திரைக்கு மஞ்சள் ஆகலை. வெயிலில் வைத்தால் சரியாகிவிடும்.”

“பட்டப் போயி வெயில்ல போடுவாங்களா? கலர் போயிடும்” என்றார் ஏழுமலை.

“முனை மட்டும் வெளியே இருந்தால் போதும். மற்றதை மூடிவிடலாம்.”

மாடியில் வைக்கலாமா என்று கேட்டேன். கோமளா அதற்குள் எழுந்து முந்தானையைச் செருகிக்கொண்டிருந்தார்.

“மாடில இல்ல. எங்க வச்சு என்ன திருடின்னு சொன்னாங்களோ, அங்கயே காயட்டும்.”

நிலையத்தின் வாசல் படிக்குப் பக்கத்தில் நடைபாதை. புடவையை உள்ளே மேசையிலிருந்து நானே எடுத்துவந்தேன், சம்பத் தடுத்ததைக் காதில் வாங்காமல். வெள்ளைத் துணியில் சுற்றி, அதன் மேல் ஒரு கறுப்புக் குடையை விரித்து, முத்திரை உள்ள மூலையை மட்டும் வெயிலுக்கு நீட்டினோம். பக்கத்தில் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். சித்திரை வெயில். வந்த நாளிலிருந்து அதை நான் திட்டாத நேரமில்லை. அன்றைக்கு ஒரு மேகம் வந்தால்கூட எனக்குக் கோபம் வந்தது.

காவலாளி வந்தார். “மேடம், கஸ்டமர் வர்ற வழி. எழுந்துக்கச் சொன்னாரு சார்.”

“சாரையே வந்து சொல்லச் சொல்லுங்க” என்றேன்.

சார் வரவில்லை. தெருவில் போனவர்கள் நின்று கேட்டார்கள். புடவை வாங்க வந்த ஒரு குடும்பம் இதைத் தள்ளுபடி விற்பனை என்று நினைத்து விலை விசாரித்தது. மூட்டையைத் தள்ளி வைத்துக்கொண்ட அந்தப் பெண் எதிர்ச் சாரியில் வந்து நின்று, நின்று பார்த்து, கடைசியில் ஒரு பாட்டில் மோர் வாங்கிவந்து கோமளாவிடம் நீட்டினார். கோமளா உடனே வாங்கவில்லை. அப்புறம் வாங்கி, பாதியை எனக்குக் கொடுத்தார். பெருங்காயம் தூக்கலான மோர். அந்தப் பயணத்தில் நான் சாப்பிட்டதிலேயே அதுதான் ருசி.

வெயில் சாயத் தொடங்கியபோது சம்பத் தானாகவே வெளியே வந்தார். கழுத்துக் காந்தத்தை அவர் எடுப்பதற்குள் கோமளா கையை நீட்டினார்.

“குடு தம்பி. நான் வெக்கறேன்.”

பட்டையோடு கழற்றிக் கொடுத்தார். கோமளா குனிந்து, அடுப்பில் பால் பொங்குவதைப் பார்க்கிற மாதிரி கவனமாகக் காந்தத்தை இறக்கினார். சிவப்பு. பச்சை. பச்சை கறுக்கவில்லை. அதன் விளிம்பில் மெல்ல நீலம் கசிந்து, பரவி, முத்திரை முழுக்க நிறைந்தது. அதே சங்குப்பூ நீலம்.

சுற்றி நின்றவர்கள் ஒருவர் தோளுக்கு மேல் ஒருவர் எட்டிப் பார்த்தார்கள். சம்பத் தொண்டையைச் செருமிக்கொண்டார். “ஓகே. இத பாஸ் பண்ணிடலாம். அந்த ரெண்டையும் வெயில்ல வச்சுப் பாக்கலாம்.”

“பாஸெல்லாம் அப்பறம்” என்றார் கோமளா. காந்தம் இன்னும் அவர் கையில்தான் இருந்தது. “ஃபிராடுன்னு சொன்னீங்களே, எல்லார் எதிர்லயும். இப்பவும் எல்லாரும் இருக்காங்க.”

சம்பத் தரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். “லேபிள்லதான் பிராப்ளம். இவங்க மேல தப்பு இல்ல” என்றார். குரல் எட்டவில்லை என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். மறுபடி சொன்னார், கொஞ்சம் சத்தமாக. அதோடு விட்டிருக்கலாம். “இனிமே யாரும் பொடவைல மஞ்சள் வைக்காதீங்க” என்று ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்.

அதைவிடப் பெரிய கூத்து பினாங்கிலிருந்து வந்தது. தவறு நம்முடையது, முத்திரைக்கு மேலே மஞ்சள் ஏறாத ஒரு பூச்சு வேண்டும் என்று நான் விரிவாக எழுதியதற்கு, பூச்சுக்குச் செலவாகும் என்று மேலதிகாரி பதில் போட்டார். அதற்குப் பதிலாக உபயோகிப்போர் குறிப்பில் ஒரு வரி சேர்க்கப் போகிறாராம்: ‘மஞ்சள் முதலான அழுக்குகள் முத்திரையில் படாமல் பார்த்துக்கொள்ளவும்.’ அழுக்கு. நடுத்தெருவில் நின்றுகொண்டு அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒரு வீட்டில் புதிதாகப் பிறந்த எதற்கும் முதலில் தொட்டு வைக்கிற பொருள் அழுக்கு, நேற்று வந்த எங்கள் சிலிக்கான் துண்டு சுத்தம். அவருக்கு நான் அனுப்பிய பதிலை இங்கே எழுத முடியாது.

ஐந்தாம் நாள் கோமளாவுக்குப் புதுப் பாவு கிடைத்தது. நான் கிளம்பும் நாள். அந்தக் கத்தரிப்பூ நிறப் புடவையை நிலையத்திலேயே விலைக்கு வாங்கினேன். பாவு மூட்டையை ஏழுமலையிடம் கொடுத்துவிட்டுக் கோமளா என் பக்கம் வந்தார்.

“இதையா வாங்கினீங்க?” என்றார். “கொஞ்சம் இருங்கமா.”

இடுப்பிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தார். மஞ்சள் தூள். குடிக்கிற தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டு உள்ளங்கையிலேயே குழைத்தார். சம்பத் மேசைக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பாயில் இருந்தவர்களும் பார்த்தார்கள். கோமளா புடவையின் உள்முனையை எடுத்து, முத்திரையின் மேல் கட்டைவிரலை வைத்து, நன்றாக, ஓரம் வரை அழுத்தித் தேய்த்தார். அப்புறம் புடவையை மடித்து என் கையில் கொடுத்தார்.

பினாங்கில் அதைக் கட்டிக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனேன். தோழிகள் கரையைத் தடவிப் பார்த்தார்கள். மேலதிகாரி சட்டைப்பையிலிருந்து காந்தத்தை எடுத்தார். உள்முனையை வெளியே எடுத்துக் காட்டினேன். சிவப்பு வந்தது. பச்சை வந்தது. கறுத்து நின்றது.

“உன்னிடமே போலியை விற்றுவிட்டார்களா?” என்று சிரித்தார்.

வெளியே நல்ல வெயில். மொட்டைமாடியில் ஒரு பகல் வைத்தால் போதும். நான் வைக்கவில்லை. வைக்கவும் போவதில்லை.